லோவாஸா எந்தக் கட்சிக்காரர்?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். தான்சானியாவின் முன்னாள் பிரதமர் எட்வர்ட் லோவாஸாவைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஒரு செய்தி அவரை எதிர்க்கட்சி வேட்பாளர் என்கிறது, இன்னொன்று ஆளுங்கட்சிக்காரர் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? பேசாமல் ‘சந்தர்ப்பவாதி’ என்று எழுதிவிடலாமா? அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றவற்றுக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

தடை இருக்கிறது, அதுவும் கடுமையாகவே. தான்சானியாவில் ஒரு எம்.பி. தன் கட்சியை விட்டு விலகினால் பதவியும் போய்விடும். சுயேச்சையாக நிற்கவும் வழியில்லை. அதிபர் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ, ஏதாவது ஒரு கட்சி நிறுத்தினால்தான் வேட்பாளர். இது உரிமை மீறல் என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் விதி மாறவில்லை. ஆகவே சொந்தக் கட்சி கைவிட்டால் அடுத்த கட்சியின் கதவைத் தட்டியே ஆகவேண்டும். அதையும் பதவிக்காலம் முடியும் நேரமாகப் பார்த்துச் செய்தால் சேதம் குறைவு.

இப்போது தேதிகளைப் பாருங்கள். லோவாஸா அரூஷா பகுதியிலுள்ள மொந்துலியின் எம்.பி.யாக நீண்ட காலம், 2015 வரை இருந்தவர். நெருங்கிய நண்பர் ஜகாயா கிக்வேட்டே 2005-இல் அதிபரானதும் பிரதமர் ஆனார். 2008 பிப்ரவரியில் ரிச்மண்ட் விவகாரத்தில் ராஜினாமா செய்தார். மின்வெட்டைச் சமாளிக்க அவசரமாகக் கொடுத்த மின் உற்பத்தி ஒப்பந்தம் அது. நாடாளுமன்றக் குழு அவர்மீது விரல் நீட்டியது. தன் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார் அவர். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை என்பதைக் கட்டுரையில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் 2015 ஜூலை. டொடோமாவில் லோவாஸாவின் கட்சியான, ஆளும் சிசிஎம் தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. மத்தியக் குழு ஐந்து பெயர்களை மட்டும் மேலே அனுப்பியது. அதில் லோவாஸா இல்லை. அடுத்த கட்டக் கூட்டத்துக்கு அதிபர் கிக்வேட்டே உள்ளே வந்தபோது, உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் ‘லோவாஸாமீது எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது’ என்று அவர் முகத்துக்கு நேரே பாடினார்கள். கட்டுப்பாட்டுக்குப் பேர்போன கட்சியில் இது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் முடிவு மாறவில்லை, வேட்பாளர் ஜான் மகுஃபுலி என்றானது. அதே மாதம் 28-ஆம் தேதி லோவாஸா எதிர்க்கட்சியான சாடேமாவில் சேர்ந்தார். எம்.பி. பதவிக்காலம் எப்படியும் முடியப்போகிற நேரம் என்பதால், விலகியதில் அவருக்குப் பெரிய இழப்பு இல்லை.

இழப்பெல்லாம் சாடேமாவுக்குத்தான் என்பது என் கணிப்பு. லோவாஸாவை ஊழல்வாதி என்று ஊர் ஊராகப் பேசிய கட்சி அது. அந்தப் பிரசாரத்தின் முகமாக இருந்தவர் வில்பிராட் ஸ்லா. 2010-இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளரும் அவர்தான். லோவாஸா உள்ளே வந்ததும் அவர் வெளியேறினார். கூட்டணிக் கட்சியான கஃப்பின் தலைவர் இப்ராஹிம் லிபும்பாவும் பதவியை உதறினார். மாணவர்கள் பெரும்பாலும் தாவியவரைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள். அவரைச் சேர்த்துக்கொண்ட கட்சிக்கு என்ன ஆனது என்பதில்தான் சரக்கு அதிகம்.

வாக்குக் கணக்கில் ஒரு இடறல் இருக்கிறது, கவனம். 2010-இல் ஸ்லா பெற்றது சுமார் 27 சதவீதம், 2015-இல் லோவாஸா பெற்றது சுமார் 40. ‘ஒரே தாவலில் 13 புள்ளி ஏற்றம்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் 2010-இல் கஃப் தனியாக நின்று, லிபும்பா 8 சதவீதம் வாங்கியிருந்தார். 2015-இல் இரண்டு கட்சிகளும் ஒரே கூட்டணியில் இருந்தன. அதையும் கூட்டிப் பார்த்தால் உண்மையான ஏற்றம் ஐந்து புள்ளி அளவுதான். மகுஃபுலி 58 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி ஜெயித்தார். லோவாஸா முடிவை ஏற்க மறுத்தார். ஆனால் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக அந்நாட்டு அரசியலமைப்பு அனுமதிப்பதில்லை.

பின்னால் அவர் சிசிஎம்முக்கே திரும்பிப் போனதையும் சூழ்நிலையோடு சேர்த்தே எழுதுங்கள். 2016 முதல் எதிர்க்கட்சிகள் பொதுக்கூட்டம் நடத்தவே அப்போது தடை இருந்தது. 2017-இல் டொடோமாவில் சாடேமா எம்.பி. துண்டு லிஸ்ஸுவை யாரோ சுட்டார்கள், மயிரிழையில் பிழைத்தார். எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சிலர் ராஜினாமா செய்து, அதே தொகுதியின் இடைத்தேர்தலில் சிசிஎம் சார்பில் நின்று மீண்டும் ஜெயித்தார்கள். 2018-இல் மொந்துலியிலேயே அது நடந்தது. 2018 ஜனவரியில் லோவாஸா அதிபர் மாளிகைக்குப் போய் மகுஃபுலியைப் பாராட்டியபோதே பலருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. 2019 மார்ச் 1 அன்று அவர் சிசிஎம்முக்குத் திரும்பிய நேரத்தில், சாடேமா தலைவர் ஃப்ரீமேன் எம்போவே ஜாமீன் ரத்தாகிச் சிறையில் இருந்தார்.

சந்தர்ப்பவாதியா? 2015-இல் போனதை நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன். போட்டியிட ஆசைப்பட்டவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 2019-இல் திரும்பியதுக்கு அந்தச் சமாதானம் செல்லாது, அவர் எதற்கும் போட்டியிடவில்லை. ஆனால் இது என் கருத்து. உங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லைப் போடுவதானால் எந்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பதையும் போடுங்கள்.

கட்சி என்ற இடத்தில் இப்படி எழுதலாம்: 2015 ஜூலை வரை சிசிஎம், 2019 மார்ச் 1 வரை சாடேமா, அதன்பின் 2024 பிப்ரவரி 10-இல் இறக்கும்வரை சிசிஎம். நீங்கள் பார்த்த இரண்டு செய்திகளும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவை வெளியான தேதியை மட்டும் பாருங்கள்.