வில்டர்ஸ் இருக்குற நாட்டுக்கு ஹிஜாபோட வரலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். வீட்டுக்காரருக்கு நெதர்லாந்துல ஐந்தோவன்ல வேலை கிடைச்சிருக்கு, மூணு மாசத்துல நீயும் கைப்புள்ளையோட வரப்போற, நீ ஹிஜாப் போடுறவ, சொந்தக்காரர் ஒருத்தர், இஸ்லாத்துக்கு எதிரா பேசுற இங்கத்த அரசியல்வாதி வில்டர்ஸ் குரானத் தாக்கி எடுத்த படத்த வாட்ஸ்அப்ல அனுப்பி "இந்த ஊருக்கா போறீங்க"ன்னு கேட்டதுல இருந்து தூக்கமே வரலன்னு எழுதியிருக்க. கூடவே வாடகை, அரிசி, ஜாக்கெட் பத்தியும் கேட்டிருக்க. வாடகைக்கு பதில் சொல்ல நூறு பேர் இருக்காங்க, அரிசி எல்லா ஊர்லயும் கிடைக்கும், ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்க, சென்னையில விக்கிறது இந்த காத்துக்கு தாங்காது. நான் படத்தப் பத்தி மட்டும் சொல்றேன். அந்தப் படம் வந்த வருஷம்தான் நானும் இங்க வந்தேன்.

2008 ஜனவரி. டென் ஹாக்ல, நம்ம பேப்பர்ல தி ஹேக்னு போடுவாங்களே அந்த ஊர்ல, ட்ரான்ஸ்வால்னு ஒரு ஏரியா, வாடகை கம்மின்னு என் வீட்டுக்காரர் அங்க புடிச்சிருந்தார், ரெண்டாவது மாடி, ஏணி மாதிரி செங்குத்தா படிக்கட்டு. காலைல எட்டே முக்காலுக்குத்தான் விடியும், அவர் அதுக்கு முன்னாடியே போயிடுவார், அஞ்சு மணிக்கு இருட்டிடும், நாள் பூரா நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருப்பேன். வந்த பதினொண்ணாவது நாள் அடுப்புல குக்கர வச்சிட்டு கீழ தபால் பாக்க இறங்கினேன், கதவு தானா சாத்திக்கிச்சு. இங்க கதவெல்லாம் அப்படித்தான், சாவி இல்லாம வெளிய வந்தா முடிஞ்சது கதை (சாவிய கழுத்துல மாட்டிக்க, இத மட்டும் மறக்காத). கோட்டு இல்ல, போன் இல்ல, காலுல வீட்டுச் செருப்பு, மேல குக்கர் விசில் அடிக்குது. படியில நின்னு அழுதேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்துச்சு. மொராக்கோக்காரங்க. அந்த அக்கா என்னப் பாத்து என்னமோ கேட்டாங்க, எனக்கு டச்சு தெரியாது, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் மேல கைய காட்டி "ஃபயர், ஃபயர்"னு சொன்னேன். அவங்க பெரிய பையன், பதினாறு வயசு இருக்கும், பின்பக்க பால்கனி வழியா பைப்ப புடிச்சு ஏறி உள்ள போயி அடுப்ப அணைச்சு கதவ திறந்துவிட்டான். அந்தக்கா என்ன உள்ள உக்கார வச்சு புதினா போட்டு டீ குடுத்தாங்க, சின்ன கண்ணாடி கிளாஸ்ல, சக்கரை அவ்வளவு. மறுநாள் ஊர்ல இருந்து கொண்டுவந்த அல்வால பாதிய கொண்டுபோயி குடுத்தேன். அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம்.

அந்த ரெண்டு மூணு மாசம் டிவியத் திறந்தா வில்டர்ஸ்தான். குரான பத்தி படம் எடுக்கப் போறேன்னு 2007 நவம்பர்லயே சொல்லிட்டார், அதுல இருந்து எப்ப வரும், எங்க தீ வைப்பாங்க, வெளிநாட்டுல எந்த தூதரகத்த அடிப்பாங்கன்னு தினமும் இதே பேச்சு. படம் வர்றதுக்கு முன்னாடியே பாகிஸ்தான்ல கண்டனம், மார்ச்ல இங்க அரசாங்கம் பயங்கரவாத எச்சரிக்கை அளவ உயர்த்திடுச்சு. டிவி சேனல் எதுவும் அவர் கேட்ட மாதிரி முழுசா போட ஒத்துக்கல. அந்தப் பயம் சும்மா வந்தது இல்ல, அதையும் நீ தெரிஞ்சுக்கணும். 2004 நவம்பர் 2ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம்ல தியோ வான் ஹோக்னு ஒரு டைரக்டர பட்டப்பகல்ல நடுரோட்டுல சுட்டு கழுத்த அறுத்துக் கொன்னான் ஒருத்தன். இஸ்லாத்துல பெண்கள் நிலைமைய பத்தி அயான் ஹிர்சி அலிங்கிற எம்பியோட சேந்து ஒரு குறும்படம் எடுத்ததுக்காக. அந்த வருஷத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் வில்டர்ஸும் போலீஸ் காவல்லதான் வாழுறார். ஒரு மனுஷன் பேசினதுக்காக உயிருக்கு பயந்து வாழுறது அநியாயம், அவர எனக்கு புடிக்கலைங்கிறதுக்காக இத சொல்லாம விட மாட்டேன்.

படம் 2008 மார்ச் 27ஆம் தேதி சாயங்காலம் இண்டர்நெட்ல வந்துச்சு, வியாழக்கிழமை. பேரு ஃபித்னா. பதினேழு நிமிஷம்தான். நான் ஒரு தட்டு திருப்பிக் குடுக்க கீழ போனேன், அவங்க வீட்ல எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி, என்னையும் உக்காரச் சொன்னாங்க. படத்துல ஒரு ஆயத்த, குரான் வசனத்த, அரபில ஓதுறது கேக்கும், உடனே குண்டு வெடிச்ச காட்சி வரும், நியூயார்க், மாட்ரிட், லண்டன், பிணங்க, திரும்ப ஆயத். நான் படத்த பாதிதான் பாத்தேன், அந்தக்காவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவங்களுக்கு டச்சு படிக்க வராது. ஆனா ஓதுற சத்தம் கேட்ட உடனே, வீட்டுக்குள்ள சும்மா தோள்ல கிடந்த துணிய எடுத்து தலைய மூடிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தாங்க, மரியாதைக்கு. உனக்கு தெரியும்ல அந்தப் பழக்கம், நம்ம திருநெல்வேலியில, உங்க மேலப்பாளையத்துல நான் எத்தன வீட்ல பாத்திருக்கேன். அப்படி உக்காந்தவங்க முன்னாடி வெடிச்சுச் செதறுன உடம்ப காட்டுறாங்க. ஒவ்வொரு தடவ ஓதும்போதும் கை தலைக்குப் போகும், ஒவ்வொரு தடவையும் திரையில அது வரும். கடைசியில ஒரு பக்கத்த கிழிக்கிற சத்தம். அந்தக்கா மகன்கிட்ட என்னமோ கேட்டாங்க, அவன் திரையில வந்த எழுத்த படிச்சு சொன்னான், கிழிச்சது டெலிபோன் டைரக்டரியாம், குரான் இல்லயாம்.

அப்பதான் அந்தப் பையன் படத்த கொஞ்சம் பின்னாடி ஓட்டி ஒரு முகத்துல நிறுத்தினான். வான் ஹோக்க கொன்னவன்னு காட்டுற இடம். "இது அவன் இல்ல, இது சலாஹ் எதின், பாட்டுக்காரர்"னு எனக்கு புரியணும்னு இங்கிலீஷ்ல சொன்னான். நெசம்தான், ஒரு மொராக்கோ வம்சாவளி ராப் பாடகரோட போட்டோவ கொலைகாரன் போட்டோன்னு படத்துல போட்டுட்டாங்க, அது பெரிய செய்தியாச்சு. அந்தப் பையன் கத்தல, ஒண்ணும் உடைக்கல. "நானா இருந்திருந்தாலும் போட்டிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு ரூமுக்கு போயிட்டான். என் அடுப்ப அணைச்ச புள்ள.

அன்னைக்கு ராத்திரியே பிரதமர் பால்கனெண்ட டிவியில வந்து இந்தப் படம் புண்படுத்துறதத் தவிர வேற எதுக்கும் உதவாதுன்னு சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை, மார்க்கெட் நாள். என் வீட்டுக்காரர் வெளிய போகாதன்னார், நான் போனேன். டென் ஹாக் மார்க்கெட் எப்பவும் போல, மீன்காரர் கத்துறார், வெண்டைக்காய் குவிஞ்சு கிடக்கு, ஹிஜாப் போட்டவங்களும் டச்சுப் பாட்டிகளும் ஒரே தக்காளிய அமுக்கிப் பாக்குறாங்க. மத்தியானம் ஜும்மா முடிஞ்சு கீழ்வீட்டு அண்ணன் வந்து, அமைதியா இருங்கன்னு இமாம் சொன்னார்னு சொன்னார். நாடே எதிர்பார்த்த கலவரம் இங்க நடக்கவே இல்ல. அந்தப் படத்த போட்ட லைவ்லீக் சைட் ஆளுங்களுக்கு கொலைமிரட்டல் போயி ஒரு ரெண்டு நாள் எடுத்துட்டாங்க, திரும்ப போட்டாங்க, அது கேவலம். ஆனா இங்க இருந்த லட்சக்கணக்கான முஸ்லிம்ங்க அடுத்த நாள் வேலைக்குப் போனாங்க, அத எந்த சேனலும் படமா எடுக்கல.

வெறுப்பத் தூண்டினார்னு வில்டர்ஸ் மேல கேஸும் நடந்துச்சு. 2009ல ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டு அவர் மேல வழக்கு போடச் சொல்லுச்சு, அதே வருஷம் பிரிட்டன் அவர ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்புச்சு, அப்புறம் அந்தத் தடையும் செல்லாதுன்னு ஆச்சு, 2011 ஜூன்ல இங்க விடுதலை ஆயிட்டார். பார்லிமெண்ட்ல 9 சீட்டா இருந்த அவர் கட்சி 2010ல 24, 2023ல 37, முதலிடம். 2025ல 26க்கு இறங்கிடுச்சு.

நான் உன்ன எச்சரிக்க நினைக்கிறது வில்டர்ஸப் பத்தி இல்ல, நம்ம ஆளுங்களப் பத்தி. படம் வந்த வாரம் எனக்கு அந்த லிங்க்கோட நாலு மெயில் வந்துச்சு, நாலும் தமிழ் ஆளுங்க. "உண்மைய சொல்ல ஒருத்தனாவது இருக்கான்"னு. ஏப்ரல்ல புத்தாண்டுக்கு எல்லாரும் சேந்து சாப்பிட்டப்போ ஒருத்தர் சாம்பார ஊத்திக்கிட்டே சொன்னார், "அவர் நம்மள சொல்லலங்க, நாம படிச்சு வேலைக்கு வந்தவங்க, டாக்ஸ் கட்டுறோம்." எனக்கு சோறு இறங்கல. பாளையங்கோட்டையில பொறந்து வளர்ந்தவ நான், உங்க மேலப்பாளையத்துக்கும் எங்களுக்கும் நடுவுல என்ன தூரம், பெருநாளைக்கு உங்க வீடுகள்ல இருந்து வர்ற சாப்பாட்டுல எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டோம், அப்படி வளர்ந்துட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து இதக் கேக்கணுமா.

2009 செப்டம்பர்ல இதே வில்டர்ஸ் பார்லிமெண்ட்ல எந்திரிச்சு, தலையில துணி போடுறவங்க லைசென்ஸ் எடுக்கணும், வருஷத்துக்கு 1000 யூரோ கட்டணும்னார். கோப்ஃபோட்டன்டாக்ஸ், தலைக்கந்தல் வரின்னு அர்த்தம். அந்த மாசம் ஒரு நாள் மழை, சுடிதார் துப்பட்டாவ தலையில சுத்திக்கிட்டு ட்ராம் ஸ்டாப்ல நின்னேன். ரெண்டு பசங்க சைக்கிள்ல போகும்போது "ஆயிரம் யூரோ கட்டிட்டியா"ன்னு கத்திட்டு போனாங்க. நெத்தியில பொட்டு இருந்துச்சு எனக்கு. அவனுங்களுக்கு பொட்டும் தெரியல, டாக்ஸ் கட்டுறதும் தெரியல. 2012ல போலந்து ஆளுங்கள பத்தி புகார் சொல்ல அந்தக் கட்சி தனியா ஒரு வெப்சைட்டே திறந்துச்சு, அவங்க வெள்ளக்காரங்க, கிறிஸ்தவங்க. 2023ல முதலிடம் வந்தப்போ சாம்பார் ஊத்தின அதே அண்ணன்தான் எனக்கு போன் பண்ணி "நம்மள எல்லாம் அனுப்பிடுவாங்களா"ன்னு கேட்டார். எங்க ஏரியா பால் க்ரூகர் லான் தெருவுல கடை வச்சிருக்குற சுரினாம் (முன்னாடி டச்சுக்காரங்க ஆண்ட நாடு) அம்மா ஒருத்தங்க, 1975ல இங்க வந்தவங்க, எப்பவோ சொன்னாங்க, "எங்களையும் இதே வார்த்தையில திட்டினாங்க, அப்புறம் துருக்கிக்காரங்கள, அப்புறம் மொராக்கோ"ன்னு.

இப்ப உன் விஷயம். தலையில துணி போட பொதுவா தடை இல்ல. 2019 ஆகஸ்ட்ல இருந்து முகத்த மூடுறதுக்குத்தான் தடை, அதுவும் பஸ், ட்ரெயின், ஸ்கூல், ஆஸ்பத்திரி, அரசாங்க ஆபீஸ்ல. கடையில, பார்க்குல உன்ன மாதிரி ஆயிரம் பேரப் பாப்ப. யாராவது ஏதாவது சொல்லுவாங்களா? வருஷத்துல ஒரு தடவ சொல்லலாம், பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு பதில் சொல்ல மொழி வேணும். எங்கள மாதிரி வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்கு டச்சு பரீட்சை கட்டாயம் இல்லன்னு சொல்லி பதினஞ்சு வருஷமா ஒரு வார்த்தை தெரியாம ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல ஆம்ஸ்டல்வேன்ல இருக்குற நம்ம பொண்ணுங்கள எனக்கு தெரியும், பக்கத்து வீட்டுக்காரங்க பேரு கூட தெரியாது அவங்களுக்கு, வாரக்கடைசி ஆனா தமிழ் ஆளுங்க, திங்கக்கிழமை ஆனா நெட்ஃபிளிக்ஸ். நான் கீழ்வீட்டு அக்காவோட சேந்துதான் டச்சு கிளாஸுக்கு போனேன், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, அவங்க வாய்ப்பேச்சுல கெட்டி, நான் எழுத்துல கெட்டி, மாத்தி மாத்தி சொல்லிக் குடுத்துக்குவோம். இன்னைக்கு நான் குழந்தைங்க காப்பகத்துல வேலை பாக்குறேன், காலைல கதவத் திறந்து இருபது அம்மாக்களுக்கு ஹூடமோர்ஹன் (டச்சுல காலை வணக்கம்) சொல்றவ நான்தான்.

அந்தப் பையனுக்கு இப்ப முப்பது தாண்டியாச்சு, ரெண்டு புள்ளைங்க, ட்ராம் ஓட்டுறான். போன மாசம் அவங்க வீட்டுக்கு போனப்போ உன் கேள்விய அந்தக்காகிட்ட சொன்னேன். படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. "ஐந்தோவன்ல அவளுக்கு கீழ்வீட்ல யாரு"ன்னு கேட்டாங்க. வீடு பாக்கும்போது அத விசாரிச்சு எனக்கு எழுது. அப்புறம் பெட்டியில அரிசிக்கு வச்ச இடத்துல ரெண்டு கிலோ அல்வா வச்சுக்க, ஒண்ணு அந்தக்காவுக்கு, ஒண்ணு உன் கீழ்வீட்டுக்கு.