போட்ட என்ட்ரியைக் காணோம்

கேள்வி: அக்கா, பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு மும்பை வந்து ஏழு மாதம் ஆகிறது. சயான் கோலிவாடாவில் சித்தி வீட்டில் இருக்கிறேன். மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் எனக்குப் புதிது. போன வாரம் காலையில் போட்ட ஆறு பர்ச்சேஸ் என்ட்ரியைக் காணாமல் மதியச் சாப்பாடு வரை தேடினேன். கேட்கக் கூச்சம், ஹிந்தியும் தடுமாற்றம். மறுநாள் துணிந்து நாலு தடவை கேட்டேன். "ஃபிர் சே?" (மறுபடியுமா?) என்றார் சீனியர் பாய். எப்போது கேட்பது, எப்போது நானே முட்டி மோதுவது?

பதில்: முதலில் உன் ஆறு என்ட்ரி. அவை எங்கேயும் போகவில்லை. டே புக்கைத் திறந்தால் ஒரு நாள் கணக்குதான் தெரியும். நீ பில் தேதியைப் போட்டு ஏற்றியிருப்பாய், அது வேறு நாளில் உட்கார்ந்திருக்கும். ஆல்ட், எஃப்2 இரண்டையும் சேர்த்து அழுத்தி மாதத்தின் முதல் தேதியிலிருந்து பார். வரிசையாக வந்து நிற்கும்.

இதற்கு அரை நாள் அதிகம்தான். ஆனால் சேதம் ஒன்றுமில்லை. சேதம் என்றால் என்னவென்று நான் சொல்கிறேன்.

1992-இல் ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் சேர்ந்தேன். அந்தக் காலத்துக் கணக்குத்தாள் மென்பொருள் லோட்டஸ் 1-2-3. அதில் மெனு வர சாய்கோடு (/) சாவியை அழுத்த வேண்டும். அது தெரியாமல் ஒரு முழு நாள் வெறும் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். அசட்டுத்தனம், அவ்வளவுதான். அடுத்த வாரம் நாற்பது பேருக்குச் சம்பளப் பட்டியல் அடித்து முடித்து, சேமிக்க எஃப், எஸ் தட்ட வேண்டிய இடத்தில் பழைய கோப்பைத் திறக்கும் எஃப், ஆர் தட்டிவிட்டேன். என்னவோ கேட்கிறதே என்று போன மாதக் கோப்பையும் காட்டிவிட்டேன். பழைய பட்டியல் வந்து உட்கார்ந்தது. நான் அடித்தது போயே போச்சு. பக்கத்து நாற்காலி மராட்டிக்காரர் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார், நான் வாயைத் திறக்கவில்லை. அன்று வி.டி.யில் ரயில் ஏறும்போது மணி பத்து.

அதனால் கேட்பதா வேண்டாமா என்பதற்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கை வைத்தால் திரும்ப எடுக்க முடியுமா என்றுதான் பார்ப்பேன். ரிப்போர்ட் திறப்பது, தேதி மாற்றுவது, எஃப்12 அமைப்புகளுக்குள் போய்ப் பார்ப்பது, இதிலெல்லாம் தாராளமாக மூக்கை நுழை. ஆல்ட், டி அழுத்தி வவுச்சரை, அதாவது போட்ட என்ட்ரியை, அழிக்கப் போகிறாயா, நிறுத்து. பேக்கப் இல்லாவிட்டால் அது போனது போனதுதான். சரக்கு அனுப்ப எடுக்கும் ஈ-வே பில்லைத் தப்பாக எடுத்தாலாவது ரத்து செய்ய 24 மணி நேரம் உண்டு. மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாகிவிட்டால் திருத்திப் போட வழியே இல்லை. 20-ஆம் தேதி கெடு நெருக்கும்போது அங்கே சந்தேகம் வந்தால், பாய் நாற்பது தடவை முகம் சுளித்தாலும் கேள். போவது முதலாளி சேட்டின் பணம்.

பழகிப் பார்க்க பாயிடம் சொல்லிவிட்டு டாலியில் புதிதாக ஒரு கம்பெனி உருவாக்கிக்கொள். உன் ஆச்சி பெயரையே வை. அதில் எதை வேண்டுமானாலும் அழி, யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம் அந்த "ஃபிர் சே?" நாலு கேள்வியில் ரெண்டு ஒரே கேள்வியாக இருந்திருக்கும், யோசித்துப் பார். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் சொன்ன சாவிகளைத் தமிழிலேயே எழுதி வை. "நஹீ ஆ ரஹா" (வரவில்லை) என்று போய் நிற்காதே. "பீரியட் பதல்கே தேக்கா, ஃபிர் பீ நஹீ திக் ரஹா" (தேதி வரம்பை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை) என்று சொல். எதுவரை நீயே வந்தாய் என்று அவருக்குத் தெரியும், மீதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். இந்த ஒரு வாக்கியத்துக்கு உன் ஹிந்தி போதும்.

காலை பதினொரு மணி சாய் வந்ததும் கேள். சாயங்காலம் கைவண்டி வாசலில் நின்று மூட்டை ஏறும்போது எந்த பாயும் யாருக்கும் பதில் சொல்லமாட்டார்.