ஒரு பட்டனை மாற்றினால் இன்னொரு பக்கம் கெடுகிறது

கேள்வி: நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து, தேன், கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் விற்கும் கடைக்கு ஒரு பெரிய சைட் செய்கிறோம். எல்லாம் பிஎச்பி டெம்ப்ளேட், பொருள் விவரத்தைக் கடைக்காரரே அட்மினில் டைப் செய்கிறார். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் பல ஆயிரம் வரி ஆகிவிட்டது. கருப்பட்டிப் பக்கத்தில் பட்டன் நிறத்தை மாற்றினால் ஓணம் ஆஃபர் பக்கத்தில் கெடுகிறது. ஒருவர் பெம் என்கிறார், இன்னொருவர் டெயில்விண்ட் என்கிறார். எதை எடுப்பது?
- வாசகர், தக்கலை

பதில்: பெம் எடுங்கள். பக்கத்தின் உள்ளடக்கமும் அமைப்பும் இருக்கிற ஹெச்டிஎம்எல் உங்களுக்கு யார் கையிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் சொல்கிறேன். டெயில்விண்ட் நல்ல கருவிதான், நிறம், இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன கிளாஸை (ஸ்டைலை ஒட்டுவதற்கான பெயர்) ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதுவது அதன் வழி. ரியாக்ட், வியூ மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில், ஒரு பொருளைக் காட்டும் பெட்டியை, அதாவது கார்டை, ஒரே இடத்தில் எழுதி எங்கும் பயன்படுத்துகிற புராஜெக்டில் அது சுகமாக ஓடும். உங்கள் டெம்ப்ளேட்டில் அதே கார்டு பத்து ஃபைலில் காப்பியாகக் கிடந்தால் நீளமான கிளாஸ் வரிசையையும் பத்து இடத்தில் திருத்த வேண்டியிருக்கும், கடைக்காரர் டைப் செய்யும் பத்தியில் கிளாஸ் போட ஆளே கிடையாது.

பெம் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் பிறந்த பெயரிடும் முறை. 'கார்டு', அதற்குள் 'கார்டு__விலை', தள்ளுபடி இருந்தால் 'கார்டு--தள்ளுபடி', அவ்வளவுதான். எல்லாமே ஒற்றை கிளாஸ் என்பதால், இரண்டு விதி மோதினால் பலம் சமம், எது கீழே எழுதப்பட்டதோ அது ஜெயிக்கும். இப்போது உங்களுக்குக் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்: யாரோ ஐடி (பக்கத்தில் ஒரே ஒரு உறுப்புக்கு வைக்கும் பெயர்) வைத்து எழுதியிருப்பார், எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் ஒரு ஐடியை வெல்ல முடியாது, அதனால் அடுத்தவர் மற்ற விதிகளை மீறச் சொல்லும் இம்பார்ட்டன்ட் குறியைப் போட்டிருப்பார், அதற்கு மேல் இன்னொரு இம்பார்ட்டன்ட். ஒன்று மட்டும் கவனம், 'கார்டு__அடி__பட்டன்' என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், 'கார்டு__பட்டன்' போதும்.

சரி, பழைய ஃபைலை என்ன செய்வது? தயவுசெய்து முழுதாகத் திருப்பி எழுத உட்காராதீர்கள். 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும், சிஎஸ்எஸ் விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் கேஸ்கேட் லேயர் இருக்கிறது. பழையதை அப்படியே ஒரு லேயரில் போட்டு, புதியதை அதற்குப் பின் வரும் லேயரில் வையுங்கள், பழையதில் ஐடி இருந்தாலும் புதியதுதான் ஜெயிக்கும். ஆனால் இம்பார்ட்டன்ட் வந்தால் கணக்கு தலைகீழ், முந்தைய லேயரில் இருப்பது மேலே வந்துவிடும், ஆகவே பக்கம் பக்கமாகப் பழையதில் உள்ள இம்பார்ட்டன்டை முதலில் களையுங்கள். அப்புறம், லேயர் தெரியாத பழைய பிரவுசர் அதற்குள் இருக்கும் ஸ்டைல் முழுவதையும் விட்டுவிடும், வாடிக்கையாளர்கள் என்ன பிரவுசரில் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

புதிய ஃபைல்களுக்கு, சிஎஸ்எஸ்ஸைத் தானாகச் சோதிக்கும் ஸ்டைல்லின்ட் கருவியைப் போட்டு, ஐடி செலக்டரும் இம்பார்ட்டன்டும் வந்தால் பிழை காட்டச் சொல்லிவிடுங்கள். நாலு பேரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்பி விடவேண்டாம்.