ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை நாமே பார்த்துக்கொள்ளலாம்

மூன்று ஏக்கர் தோட்டத்துக்குப் பழைய டிராக்டர் வாங்கியிருக்கிறீர்கள், மெக்கானிக் வேலை தெரியாது, எதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். முதலில் எனக்கே ரொம்பத் தாமதமாகப் புரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சின்னத் தோட்டத்து டிராக்டர் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று கையேட்டில் போட்டிருக்கும், நம் வண்டி ஒரு வருஷத்தில் நூறு மணி நேரம்கூட ஓடியிருக்காது. அதற்காக ஹவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் விட்டுவிடக் கூடாது. எவ்வளவு குறைவாக ஓடினாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

அதைச் செய்வது கஷ்டமே இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி அணைத்தபின் ஆயில் வடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றினால் அழுக்கெல்லாம் ஆயிலோடு சேர்ந்து இறங்கும், கை சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே முறுக்கினால் போதும். அடி போல்ட்டை வெறி கொண்டு இறுக்காதீர்கள், மரை போய்விட்டால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். ஆயில் ஊற்றியபின் ஒரு நிமிஷம் ஓட்டி அணைத்து, சற்று நேரம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தாலே சரி, மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

ஏர் கிளீனரைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டி என்பதால் உங்களுடையது ஆயில் ஊற்றும் கிண்ணம் உள்ள வகையாக இருக்கலாம். நான் முதல்முறை அந்தக் கிண்ணத்தைக் கழற்றியபோது மேலே ஆயில் நன்றாகத்தான் தெரிந்தது, விரலை விட்டுப் பார்த்தால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் களிமண் மாதிரிச் சேறு. கிளீனர் பிடித்து வைக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு மண்ணும் இன்ஜினுக்குள்தானே போயிருக்கும் என்று நினைத்ததும் பகீரென்றது. கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, குறி வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள், கூடிப்போனால் அதையும் இன்ஜின் உறிஞ்சிவிடும். புழுதியில் ரோட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டீசல். பாதித் தொட்டி டீசலோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தொட்டிச் சுவரில் வேர்த்துத் தண்ணீராக இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். அதனால் நிறுத்தி வைக்கும்போது தொட்டியை நிரப்பியே வையுங்கள், ஃபில்டருக்குக் கீழே திருகு இருந்தால் அவ்வப்போது திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டீசல் ஃபில்டர் மாற்றுவதும் எளிதுதான், அதற்கப்புறம் வருவதில்தான் நான் மாட்டினேன். புது ஃபில்டர் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன், வண்டி எடுக்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் பேட்டரியும் படுத்துவிட்டது. ஏர் எடுக்கவில்லை, அதாவது ஃபில்டர் மாற்றும்போது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஃபில்டர் தலையில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதை அரைச் சுற்று தளர்த்திவிட்டுக் கை பம்பை அடித்தால் முதலில் வெறும் நுரை வரும், பிறகு குமிழும் டீசலும் கலந்து துப்பும், குமிழே இல்லாமல் தெளிவாக டீசல் வழிய ஆரம்பித்ததும் பம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பிலும் அதேபோல் திருகு இருந்தால் அங்கேயும் ஒருமுறை.

மற்றதெல்லாம் பழக்கம்தான். கிரீஸ் அடிக்கும் முன் கிரீஸ் ஏற்றும் முனையை, அதாவது நிப்பிளை, துணியால் துடையுங்கள், இல்லையென்றால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள், பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும் வரை அடிக்கலாம். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில், இல்லாவிட்டால் ஸ்பேனர் எங்கேயாவது பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். அப்புறம் எலி! நிற்கும் வண்டி அதற்கு வீடு மாதிரி, மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து வயரை ஒரு பார்வை பாருங்கள்.

எந்த வேலையாக இருந்தாலும் கலப்பையைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டர் மாதிரிக் கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) விடுவித்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கீழே குனிய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கெட்டியான மரக்கட்டை கொடுத்துத் தாங்கவையுங்கள்.

இன்ஜெக்டர், இன்ஜெக்ஷன் பம்ப், கிளட்ச் பிளேட், பிரேக் இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிடுகிறேன். இன்ஜெக்டர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று இன்ஜின் ஓடும்போது விரல் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே பார்த்தால் ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.