சின்ன நாட்டுப் போலீஸுக்கு வெளிநாடுகள் ஏன் துப்பாக்கியும் வண்டியும் இனாமாகக் கொடுக்கின்றன?

காரைக்குடிப் பக்கம் சிசிடிவி கேமரா மாட்டுவது என் பிழைப்பு. உலக அரசியல் கரைத்துக் குடித்தவன் இல்லை. ஆனால் இனாமாக வந்த சாமான் பிற்பாடு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

கேட்டவர் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் குட்டி நாடான சாலமன் தீவுகளை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார். 2022 நவம்பரில் ஆஸ்திரேலியா அந்நாட்டுப் போலீஸுக்கு 60 துப்பாக்கிகளும் 13 வண்டிகளும் கொடுத்தது. அதே வாரத்தில் சீனா தண்ணீர் பீய்ச்சும் லாரி 2, மோட்டார் சைக்கிள் 30, எஸ்யூவி கார் 20 என்று இறக்கியது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சம்பந்தி பார்க்கச் சீர்சாமான் பரப்பி வைப்பார்களே, அப்படி.

அங்கே ராணுவம் கிடையாது, இருப்பது போலீஸ் மட்டும்தான். 2003-இல் ஆஸ்திரேலியா தலைமையில் வந்த அமைதிப்படை துப்பாக்கிகளையெல்லாம் சேகரித்து அழித்தது. 2017-இல்தான் போலீஸில் ஒரு பகுதிக்குத் திரும்பவும் ஆயுதம். 2019-இல் தைவானோடு இருந்த தூதரக உறவை விட்டுச் சீனா பக்கம் போனார்கள். 2021 நவம்பர் கலவரத்தில் தலைநகர் ஹோனியாராவின் சைனா டவுன் எரிந்தது. மறு ஏப்ரலில் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம். சீர்வரிசைப் போட்டி இதற்கப்புறம்தான்.

இனி என் கதை. பக்கத்து ஊர் ஒன்றில், மலேசியாவில் சம்பாதிக்கும் ஒருவர் ஸ்டேஷனுக்கு 8 கேமரா வாங்கிக் கொடுத்தார். மாட்டியது நான். மாலை, போட்டோ, 'உபயம்' போர்டு எல்லாம் ஜோராக நடந்தது. ஒன்றரை வருஷத்தில் பவர் சப்ளை பெட்டிக்குள் பல்லி விழுந்து கருகி, 4 கேமரா அவுட். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. "தம்பி, நீங்க மாட்டினதுதானே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று ஏட்டையா போன் போடுவார். உபயக்காரருக்குச் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் போவேன், டீ வரும், நேராக உள்ளறைக்குப் போய் உட்காருவேன். கேமரா படத்தைப் பதிவு செய்யும் அந்த டிவிஆர் பெட்டியின் பாஸ்வேர்டு இன்றைக்கும் என் நோட்டில்தான் இருக்கிறது.

கொடுக்கிற நாட்டுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இதுதான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பல்லை விடுங்கள், தீவனம் யாரிடம் வாங்குவது? துப்பாக்கிக்குத் தோட்டா, லாரிக்கு ஸ்பேர், ஓட்டப் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தவனின் ஆள் உள்ளே வந்தாக வேண்டும். ஆஸ்திரேலியா 1987 முதல் 1997 வரை 12 பசிபிக் நாடுகளுக்கு 22 ரோந்துப் படகுகள் கொடுத்தபோது ஆலோசகர்கள், பயிற்சி, உதிரிபாகம் எல்லாம் சேர்ந்தேதான் போயின. சாலமனில் அந்தப் படகுகளை ஓட்டியதும் போலீஸ்தான்.

அதற்காக வாங்குபவர்களை ஏமாளி என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கை நீட்டி, 'அவர் இவ்வளவு கொடுத்தார், நீங்கள்?' என்று கேட்கத் தெரிந்தவர்கள். எனக்கு உறுத்துவது வேறு. கூட்டத்தைக் கலைக்க ஆஸ்திரேலியப் போலீஸும் பழக்குகிறது, சீனப் போலீஸும் பழக்குகிறது. நாளைக்கு ஹோனியாரா தெருவில் கல் பறக்கும்போது, அந்தக் கான்ஸ்டபிளின் கை எந்த வாத்தியார் சொன்னதைச் செய்யும்?