வண்டிக் கேள்விகள்: ‘தேதி தாண்டிப் போச்சு, வாரண்டி கிடையாது’

கேள்வி: அண்ணே, எங்கள் வீடு தேனியில். நான் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். போன வருடம் பொங்கலுக்கு அப்பா 150 சிசி பைக் வாங்கிக் கொடுத்தார். லீவுக்குப் போனால்தான் ஓட்டுவேன். இதுவரை 3,100 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. முதல் இரண்டு ஃப்ரீ சர்வீஸ் விட்டாச்சு. மூன்றாவது 6,000 கிலோமீட்டரில் என்று போட்டிருந்ததால் விடவில்லை. இப்போது மீட்டர் டிஸ்ப்ளே மொத்தமாக அணைந்துவிட்டது. ஷோரூமில், “மூணாவது சர்வீஸ் தேதி தாண்டிப் போச்சு, வாரண்டி கிடையாது” என்கிறார்கள். புது மீட்டர் 6,800 ரூபாயாம். வண்டியே ஓடவில்லை, நான் என்ன தப்பு செய்தேன்?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: தம்பி, கூப்பன் புத்தகத்தில் மூன்றாவது சர்வீஸ் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 6,000 கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘அல்லது இத்தனை நாட்கள், எது முதலில் வருகிறதோ அது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்களைப் பிடித்தது அந்த ‘அல்லது’.

மதுரையில் 22 வருடம் சர்வீஸ் செண்டரில் இருந்தவன் நான். வாரண்டி இல்லை என்றதும் கவுண்டரில் சத்தம் போட்டவர்களில் பாதிப் பேர் வண்டியைப் போட்டு அடித்தவர்கள் இல்லை, ஓட்டாமல் துணி போட்டு மூடி வைத்தவர்கள். தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுகிற மருந்துக் கம்பெனி ரெப் சொல்லாமலே வந்து நிற்பார். ரிட்டையரான வாத்தியாரும், துபாயில் இருந்துகொண்டு ஊரில் வண்டி வாங்கி நிறுத்தியவரும்தான் நாட்கணக்கில் மாட்டுவார்கள்.

ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று உங்கள் அப்பா கேட்பார். கடைக்கும் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்தால் இன்ஜின் முழுசாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் அதில் இறங்கும். அதனால் நாள் கணக்கு வைப்பதில் நியாயம் இருக்கிறது. முதல் சர்வீஸைத் தவறவிட்டவருக்கு மட்டும் நான் பரிந்து பேசவே மாட்டேன். புது இன்ஜினில் பாகங்கள் உரசிப் படியும்போது உதிரும் உலோகத் தூள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். வடித்த ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டினால் ஜிகினா மாதிரி மின்னும்.

சரி, ஆயிலுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கேள்வியே அதுதான், நீங்கள்தான் அப்படிக் கேட்கவில்லை. மூன்றாவது சர்வீஸ் விட்டிருந்தால் மீட்டரைப் பிரித்தா பார்த்திருப்பார்கள்? இன்ஜின் ஜாம் ஆகி வந்திருந்தால் கம்பெனி பக்கம் ஒரு வாதம் இருக்கும். டிஸ்ப்ளே செத்ததற்கு, தண்ணீர் புகுந்ததா, யாராவது வயரை வெட்டினார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால் டீலர் அதைக் கம்பெனியிடம் க்ளெய்ம் செய்வார். கழற்றிய பழைய பாகத்துக்குச் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும், கம்பெனி ஆள் வந்து பார்ப்பார் அல்லது அனுப்பச் சொல்வார். க்ளெய்ம் திரும்பி வந்தால் பாகத்தின் விலை டீலர் தலையில். கம்ப்யூட்டரில் உங்கள் சேஸிஸ் நம்பரைத் தட்டியதும் மூன்றாவது சர்வீஸ் காலியாகத் தெரிந்தால், சர்வீஸ் அட்வைசர் வம்பே வேண்டாம் என்று “இல்லை” என்றுவிடுவார். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு பால்காரர் வண்டியில் எரியாத ஹெட்லைட் ஸ்விட்சுக்கு, சர்வீஸ் 11 நாள் தாமதம் என்று கையை விரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் காசு கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே அட்வைசரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். முதலில் ஜாப் கார்டு (வண்டியின் குறையை எழுதிப் பதியும் சீட்டு) போடச் சொல்லுங்கள். ‘மீட்டர் டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை’ என்று உங்கள் புகார் அதில் ஏற வேண்டும். வாரண்டி மறுக்கிறார்கள் என்றால், எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள், அந்தத் தாமதத்தால் மீட்டர் எப்படிக் கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் ‘இல்லை’ என்றவர்கள் எழுதிக் கேட்டதும் “ஏரியா மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறோம்” என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் சேஸிஸ் நம்பர், வாங்கிய தேதி, இரண்டு சர்வீஸ் பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போடுங்கள். நல்லெண்ணத்துக்காக என்று பாகத்தின் விலையில் பாதியையாவது கம்பெனி ஏற்றுக்கொள்வது உண்டு. அதற்குள் விட்டுப்போன சர்வீஸைக் காசு கொடுத்தாவது முடித்துவிடுங்கள், இடைவெளியை மேலும் நீளவிட வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி வண்டி வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வண்டி உங்கள் அப்பா பேரில் இருந்தால் புகாரும் அவர் பேரில் போகட்டும். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஜெயிப்பீர்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், புத்தகத்தில் அச்சடித்த நிபந்தனையை அவர்களும் நீட்டுவார்கள். ஆனால் 6,800 ரூபாய்க்காக ஆணையத்தின் படியேற எந்த டீலருக்கும் ஆசை இருக்காது.

கேள்வி: ஐயா, என் ஸ்கூட்டருக்கு ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடிந்துவிட்டது. வாரண்டி இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எங்கள் தெரு மெக்கானிக் நல்ல மனுஷர், பாதிக் காசில் முடித்துக் கொடுப்பார். அவரிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?
- பள்ளி ஆசிரியை, காரைக்குடி

பதில்: அம்மா, பெரும்பாலான கம்பெனிகளின் புத்தகத்தில் காசு கட்டும் சர்வீஸையும் தங்கள் அங்கீகார செண்டரில்தான் விட வேண்டும் என்று போட்டிருக்கும். உங்கள் புத்தகத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வெளியே போனாலே வாரண்டியை ஒட்டுமொத்தமாகப் பறிப்பது சரியா என்பது வேறு விஷயம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனதாலேயே வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக்கூடாது, அவர் தப்பாகச் செய்த வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது, தவிர அது கார் சமாச்சாரம். அதைக் காட்டி ஸ்கூட்டர் ஷோரூமில் சாதித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். வாதத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், வாரண்டி முடியும் வரை ஆயில் மாற்றும் சர்வீஸை மட்டும் செண்டரில் விட்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பஞ்சர், பிரேக் ஷூ, கேபிள், பல்பு எல்லாம் தெரு மெக்கானிக்கிடமே போகட்டும். தேய்மான சாமான்களுக்கு எப்படியும் வாரண்டி கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் அந்தந்தக் கம்பெனியின் தனி வாரண்டி.

எப்போதாவது வெளியே ஆயில் மாற்ற நேர்ந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜாசோ என்பது ஜப்பான்காரர்களின் தரக் குறியீடு. ஸ்கூட்டர் ஆயிலில் பெரும்பாலும் ஜாசோ எம்பி (JASO MB) என்று இருக்கும், பைக் ஆயிலில் எம்ஏ அல்லது எம்ஏ2. சாதாரண பைக்கின் க்ளட்ச் பிளேட் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பது. அதற்கு வழவழப்பு கூடுதலான எம்பியை ஊற்றினால் க்ளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். உங்கள் ஸ்கூட்டர் க்ளட்ச் ஆயில் படாத இடத்தில் இருப்பதால் அதற்கு எம்பி சரி. டப்பாவைக் காட்டாமல் டிரம்மிலிருந்து ஊற்றுகிறவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஃப்ரீ சர்வீஸ் என்றார்கள், 1,140 ரூபாய் பில் வந்தது. ஏமாற்றா?
- வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: லேபர்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்குக் காசு உண்டு, வரியும் உண்டு. ஆனால் பில்லை வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் கேட்காத பாலிஷ், இன்ஜின் ஃப்ளஷ், செயின் ஸ்ப்ரே என்று ஏதாவது ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அவற்றை மறுத்தால் வாரண்டி போகும் என்று யாராவது சொன்னால், அது எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: எல்இடி ஃபாக் லைட் மாட்டலாம் என்று இருக்கிறேன். வாரண்டிக்குப் பாதகமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரிஜினல் வயரிங் கிட்டை எங்கேயும் வெட்டி ஒட்டாமல், தனி ரிலே, ஃபியூஸ் வைத்துச் செருகும் வகை என்றால் ஆபத்து குறைவு. வயரை உரித்து டேப் சுற்றினால், நாளைக்கு ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டாலும் அட்வைசரின் விரல் முதலில் அந்த டேப்பைத்தான் காட்டும். அதிலும் பாதுகாப்பான வழி, உங்கள் வண்டிக் கம்பெனியே விற்கும் ஃபாக் லைட்டை ஷோரூமில் மாட்டி, பில்லில் ஏற்றிக்கொள்வது. விலை இரட்டிப்பாக இருக்கும், முணுமுணுத்துக்கொண்டே வாங்குங்கள்.

கேள்வி: திருச்சியில் வாங்கிய வண்டி. ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த ஃப்ரீ சர்வீஸுக்குத் திருச்சிக்கே போக வேண்டுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். அதே கம்பெனியின் அங்கீகார செண்டர் எந்த ஊரில் இருந்தாலும் விடலாம், கூப்பன் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். வண்டியை எடுக்கும்போது கூப்பனில் முத்திரையோடு தேதியும் கிலோமீட்டரும் ஏறியிருக்கிறதா, கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சாயங்காலம் ஆறு மணி நெரிசலில் அந்தப் பதிவு விட்டுப்போவது சகஜம்.