கடலூரில் கட்டண முதியோர் இல்லம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: கடலூர்–புதுச்சேரி சாலையை ஒட்டி அப்பா கட்டிய மாடி வீடு இருக்கிறது. அதை 12 பேர் தங்கும் கட்டண முதியோர் இல்லமாக மாற்ற நினைக்கிறேன். மாதம் 18,000 ரூபாய் வாங்கினால் கட்டுப்படியாகுமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாசலில் போர்டு மாட்டுவதற்கு முன்னால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் கணக்குப் போடுங்கள். நல்ல கட்டிடம், நல்ல மனசு எல்லாம் இருந்தும் மூடிப்போகிற இல்லங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஓர் ஆள் விழித்திருக்க மூன்றரைப் பேர் வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போட இரண்டு பேர் தேவை, ஆக ஏழு. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, காய்ச்சல் என்று எடுக்கும் விடுப்பையும் சேர்த்தால் எட்டு. சமையலுக்கு இரண்டு பேர், துப்புரவுக்கும் துணி துவைக்கவும் ஒருவர், பகலுக்கு ஒரு நர்ஸ். மொத்தம் 12 பேர்.

தலைக்கு 13,000 என்று வைத்தால் சம்பளமே 1,56,000. தங்குபவர்கள் 12 பேர், அன்றன்று வேலையில் இருக்கும் ஆறு பேர், இவர்களுக்குச் சாப்பாடு ஆளுக்கு 4,000 வீதம் 72,000. வரவு 2,16,000, செலவு 2,28,000. கரண்ட் பில்லும் டாக்டர் ஃபீஸும் இதில் இன்னும் சேரவில்லை. இதே கட்டணத்தில் 20 பேர் என்றால் 14 ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம்; சம்பளமும் சாப்பாடும் போக சுமார் 70,000 மிஞ்சும். 17 பேர் மட்டும் இருக்கிற மாதத்தில் அது 28,000-க்கு இறங்கிவிடும். தொகைகளை உங்கள் பகுதி நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். 12 படுக்கைதான் என்றால் 22,000-க்குக் குறைந்து நடத்த முடியாது என்பது என் கணிப்பு. படுக்கைகள் நிரம்பப் பல மாதங்கள் ஆகும். ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

செலவைக் குறைக்க, அங்கேயே தங்கி 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆயாவை வைப்பார்கள். பகல் முழுக்க உழைத்தவர் விடிகாலை மூன்று மணிக்குத் தூங்கத்தான் செய்வார், அவர்மேல் தப்பில்லை. பெரியவர்கள் பாத்ரூமுக்கு எழுந்து விழுவதும் அந்த நேரத்தில்தான். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். டயபரும் மாற்றினால் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். நான்கு பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் வரை போகும், அடுத்த மணியில் மறுபடியும் தொடங்க வேண்டும். இரவில் இரண்டு ஆட்கள் இருக்கும் இல்லத்தில் நான்கு, மிஞ்சினால் ஐந்து பேருக்கு மேல் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு பணம் தந்தாலும். ஏர் பெட் வாங்கிப் போட்டால் திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்களிடம் இடுப்பெலும்புக்கு மேல் படுக்கைப் புண் வராமல் இருக்காது.

அடுத்து, வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று சர்வே எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். முள்ளோடையில் எல்லை, பாகூர்ப் பக்கம் இரண்டு மாநில நிலங்களும் பின்னிக் கிடக்கின்றன. கடலூர் மாவட்டம் என்றால் பதிவுக்கு மாவட்ட சமூக நல அலுவலகம், புதுச்சேரி என்றால் அங்குள்ள சமூக நலத் துறை. டிரிப், ஊசி, சிகிச்சை என்று போனால் மருத்துவ நிறுவனப் பதிவும் வேண்டும்: தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு மாநிலச் சட்டம், புதுச்சேரியில் 2010-ம் ஆண்டு மத்தியச் சட்டம். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, கட்டிடத்துக்குத் தீயணைப்புத் துறைச் சான்று. ஊழியர் பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, 12 பேருக்கு 18,000 வாங்கினாலே தாண்டிவிடும். மாதம் 25,000 வரையான கட்டணத்துக்கு வரி விலக்கு உண்டு என்பார்கள். அது அரசு இல்லங்களுக்கும் வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவு பெற்றவற்றுக்கும்தான். தொழிலாகச் செய்வதா, அறக்கட்டளையாகவா என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கட்டிட வேலையில் பணத்தைப் பாத்ரூமில் போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். வாசலில் படி கூடாது, திறந்த அகலம் 90 செ.மீ., கம்மோடு உயரம் 45 முதல் 48 செ.மீ. கைப்பிடிக்குக் கடற்கரைக் காற்றைத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் கேட்டு வாங்குங்கள். 304 ரகத்தில் உப்புக்காற்று பட்டுப் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும், பெயின்ட் அடித்த இரும்பு அதைவிட மோசம்.

சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து தரையை மூன்றடி உயர்த்தினால் 36 அடிச் சாய்தளம், நடுவில் நின்று இளைப்பாற ஒரு சமதளம். இதற்கு இடம் இல்லையென்றால் அந்த வீடு இதற்குச் சரிப்படாது. வெள்ளத்தை லேசாக எடுத்துக்கொள்ள இந்தப் பகுதியில் வழியே இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை விட்ட பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. அந்த நாட்களில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுச் சுவரில் கோடு போடுங்கள். படுக்கையில் இருப்பவர்களை முழங்கால் தண்ணீரில் மாடிக்கு ஏற்ற முடியாது. மேட்டுப் பகுதியில் உள்ள வேறோர் இல்லத்தோடு முன்கூட்டியே பேசி வைத்து, ரெட் அலர்ட் வந்த அன்றே மாற்றிவிட வேண்டும்.

2011 டிசம்பர் தானே புயலுக்குப் பிறகு கடலூர் பல நாள் இருட்டில் கிடந்தது. ஜெனரேட்டருக்கு மூன்று நாள் டீசல் இருக்கட்டும். ஆக்சிஜன் இயந்திரம் கரண்டில்தான் ஓடும். கூடவே வைக்கும் பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம்தான் வரும்.

தினசரிப் பராமரிப்பில் மூன்று விஷயங்கள் ஆட்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். சுகர் மாத்திரை போட்டவர் சாப்பாட்டை ஒதுக்கினால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால் வயசுக் கோளாறு என்று விடாதீர்கள்; சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம். வெயிலுக்கு நல்லது என்று சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் கொடுப்பதும் ஆபத்து, பொட்டாசியம் ஏறிவிடும்.

ஒப்பந்தத்தில் கூச்சப்படாமல் எழுத வேண்டியது மரணம் பற்றி. இரவில் இறந்தால் வந்து பார்த்து மரணக் காரணச் சான்று தர ஒரு டாக்டரோடு முன்பே பேசி வையுங்கள். அப்படி ஒருவர் இல்லாமல் உடலை மருத்துவமனைக்குக் கொண்டு போனால் போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று குடும்பம் அலைய நேரும். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் ஐஸ் பெட்டிச் செலவு யாருடையது, எத்தனை நாள் காத்திருப்பது, வர முடியாவிட்டால் காரியம் செய்ய யாருக்கு உரிமை என்பதெல்லாம் கையெழுத்தில் இருக்கட்டும். மரணப் பதிவுக்கு 21 நாள் அவகாசம்.

பிள்ளைகள் பணம் அனுப்புவதை நிறுத்துவதும் நடக்கும். பெரியவரை வாசலில் விட முடியாது, விடவும் கூடாது. 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அவரால் முடியாதபோது அவர் அதிகாரம் அளித்த அமைப்பும் கொடுக்கலாம். அந்த அதிகாரக் கடிதத்தைச் சேர்க்கும் அன்றே, அவர் தெளிவாகக் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குவது அந்த மனு முடியும் வரை இல்லம் தாக்குப்பிடிக்கத்தான். நகை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை எதையும் நீங்களோ ஊழியரோ வைத்துக்கொள்ள வேண்டாம்.